புருவம் மழித்த வீடுகள்

கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் நான்கரை நூற்றாண்டுகளுக்கு முன்பு எகிப்து தேசத்தில் யாத்திரை செய்த கிரேக்கச் சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸ், தாம் அங்கே கண்டதும் கேட்டதுமான அநேக விநோதங்களுக்கு நடுவே, ஒரு துக்க சம்பிரதாயத்தையும் போகிற போக்கில் குறித்து வைத்தார். ஒரு வீட்டில் பூனை தானாக இறந்துபோனால் அவ்வீட்டில் வசிப்போர் எல்லோரும் தங்கள் புருவங்களை மழித்துக்கொள்வார்கள் என்பதும், நாய் இறந்தால் தலையையும் உடல் முழுவதையும் மழித்துக்கொள்வார்கள் என்பதும், இறந்த பூனைகளைப் புபாஸ்டிஸ் என்னும் நகரத்துக்கு எடுத்துச் சென்று, அங்கே உடல் கெடாதபடி பாடம் செய்து, புனிதமான இடங்களில் அடக்கம் செய்வார்கள் என்பதும் அவர் தரும் செய்திகள்.

இந்தக் குறிப்பைப் பிற்காலத்தில் எடுத்தாண்டவர்கள் பெரும்பாலும் இதை ஒரு வேடிக்கையாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். பூனையைத் தெய்வமென்று கும்பிட்ட ஜனங்கள் பூனைக்காக அழுததில் ஆச்சரியம் என்ன என்று கேட்டு, அத்துடன் விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஹெரோடோட்டஸ் பொறுக்கி எடுத்துப் போட்ட ஒரு சொல்லில் நம் மனம் தங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 'தானாக இறந்துபோனால்' என்கிறார் அவர். எவரும் கொல்லாமல், பலியிடாமல், வீட்டிற்குள்ளேயே நோய்வாய்ப்பட்டோ மூப்படைந்தோ உயிர்விட்ட பூனையைப் பற்றிய பேச்சு இது. நேற்று மாலைவரை மதில்மேல் நடந்து, அடுப்படியில் உறங்கி, காலைச் சுற்றிச் சுற்றி வந்த ஜீவன், இன்று காலையில் பாலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டு, இருட்டான மூலையொன்றைத் தேடிப் போய் ஒடுங்குகிறது. தன் வலியை மறைக்கும் சுபாவம் பூனைக்குப் பிறவியிலேயே உண்டாகையால், நோய் வெளியே தெரியும்போது அநேகமாகக் காலம் கடந்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டிலே, தலைவன் முதல் ஊழியன் வரையில், கண்ணாடியில் பார்த்தால் தங்கள் முகமே தங்களுக்கு அந்நியமாகத் தோன்றும்படி புருவத்தை எடுத்துவிட்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, அதைத் தெய்வபக்தி என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிட என்னால் முடியவில்லை.

பூனைக்கு அடக்கம் செய்யும் வழக்கம் ஹெரோடோட்டஸுக்கு மிகமிக முந்தியது. சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில், ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதக் குழிக்கு 40 சென்டிமீட்டர் தூரத்தில், எட்டு மாதம் போல் வயதுடைய ஒரு பூனையின் முழு எலும்புக்கூடு தனிக் குழியில் கிடந்ததைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2004இல் வெளியிட்டார்கள். எகிப்திலேயே, அரச வம்சங்கள் தோன்றுவதற்கு முன்பு, கி.மு. 3700ஐ ஒட்டிய காலத்தில், ஹிராகோன்போலிஸ் இடுகாட்டில் புதைக்கப்பட்ட ஒரு காட்டுப்பூனையின் எலும்பு முறிந்து மீண்டும் கூடியிருந்தது. முறிந்த எலும்பு கூடுவதற்கு வாரங்கள் பல வேண்டும். அத்தனை காலமும் யாரோ அதற்கு இரை வைத்திருக்க வேண்டும். அபிடோஸ் நகரத்தில், பன்னிரண்டாம் வம்ச காலத்துச் சிறு கல்லறையொன்றில் அகழ்வாராய்ச்சியாளர் பிளிண்டர்ஸ் பீட்ரி பதினேழு பூனைகளின் எலும்புக்கூடுகளைக் கண்டார். அவற்றின் அருகே வரிசையாகச் சின்னஞ்சிறு மண்கலயங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவை பாலுக்காக இருக்கலாம் என்று அவர் கருதினார்.

இவ்வளவையும் தாண்டி ஒரு பூனையின் பெயர் இன்றளவும் நிலைத்து நிற்கிறது. மூன்றாம் ஆமன்ஹோட்டப் மன்னனின் மூத்த குமாரனும், மெம்பிஸ் நகரத்தில் ப்தா தெய்வத்தின் பிரதான குருவாக இருந்தவனுமாகிய தூத்மோஸ் என்ற இளவரசன், தன் பெண்பூனை தா-மியு இறந்தபோது அதற்குச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு சவப்பேழை செய்வித்தான். கி.மு. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பேழை இப்போது கெய்ரோவில் பாதுகாக்கப்படுகிறது. அதன் பக்கத்தில், படையல் மேஜைக்கு எதிரே, கழுத்தில் பட்டி கட்டிய தா-மியு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. மேஜையின்மேல் உணவு வகைகள் குவிந்திருக்கின்றன. ஐசிஸ், நெஃப்திஸ் என்னும் பெண்தெய்வங்கள், இறந்த மனிதர்களுக்குக் காவல் நிற்கும் அதே பாவனையில், இப்பூனைக்கும் காவல் நிற்கிறார்கள். இறந்த மனிதரை ஓசைரிஸ் என்ற தெய்வப் பெயரோடு சேர்த்து அழைப்பது அந்நாட்டு மரபு. அந்த மரியாதை பூனைக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. மனிதருக்குரிய மந்திரங்களையே சிற்பி அதற்கும் செதுக்கியிருக்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். தூத்மோஸ் தன் தந்தைக்கு முன்பே காலமானான். சிங்காதனம் அவன் தம்பிக்குப் போயிற்று. அந்தத் தம்பிதான் அக்நாத்தன் என்று பெயர் மாற்றிக்கொண்டு சூரியன் ஒருவனையே வழிபட்ட மன்னன். அண்ணன் அரசாண்டிருந்தால் எகிப்தின் சரித்திரம் எவ்விதம் திரும்பியிருக்குமோ, யார் அறிவார்? அவன் விட்டுச் சென்ற சுவடுகளில் மக்கள் மனத்தில் பதிந்தது இந்தப் பூனையின் பேழைதான்.

புபாஸ்டிஸ் நகரம் நைல் நதியின் கழிமுகத்தில், இன்றைய ஸகாஸீக் பட்டணத்தின் பக்கத்தில், தெல் பஸ்தா என்ற மேடாகக் கிடக்கிறது. பாஸ்டெட் என்னும் பெண்தெய்வத்தின் ஆலயம் அங்கே இருந்தது. அத்தெய்வம் முற்காலத்தில் சிங்கமுகத்தோடும் பிற்காலத்தில் பூனைமுகத்தோடும் உருவகிக்கப்பட்டது. வருஷோத்சவத்தின்போது ஆணும் பெண்ணும் படகுகளில் ஏறிக் குழலூதிக்கொண்டும் தாளம் தட்டிக்கொண்டும் ஆற்றுவழியே வந்து சேர்வார்கள் என்றும், குழந்தைகளை நீக்கியே ஏழு லட்சம் பேர் கூடுவார்கள் என்றும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். எண்ணிக்கை மிகையாக இருக்கக்கூடும். ஆனால் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், தம் வீட்டுப் பூனையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்த குடும்பங்களும் இருந்திருக்க வேண்டும். அகழ்வாராய்ச்சியாளர் எட்வார்ட் நாவீல் 1887 தொடங்கி அம்மேட்டை அகழ்ந்து ஆலயத்தின் கற்களை வெளிக்கொணர்ந்தார்.

இவ்விடத்தில் சரித்திரத்தின் இருண்ட பக்கம் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது. காலப்போக்கில், யாத்திரிகர்கள் தெய்வத்துக்குக் காணிக்கையாகச் செலுத்துவதற்கென்றே பாடம் செய்த பூனைகளை ஆலயச் சூழலில் விலைக்கு வாங்கும் வழக்கம் பெருகிற்று. வேண்டுதல் நிறைவேறியவர்கள் நம் கோயில்களில் வெள்ளித் தகட்டில் கண்ணும் காலும் வாங்கிச் சாத்துவதைப்போல், அவர்கள் துணி சுற்றிய பூனையைச் சாத்தினார்கள். அந்தத் தேவையை ஈடுகட்டப் பூனைகள் பண்ணையாக வளர்க்கப்பட்டன. வளர்ந்து முடியுமுன்பே கழுத்தை முறித்துக் கொல்லப்பட்டன. லண்டன் அருங்காட்சியகம் ஒன்றிலுள்ள பூனைக் கட்டுகளை எக்ஸ்ரே மூலம் ஆராய்ந்து 1981இல் எழுதியவர்கள், அவற்றில் பல ஓராண்டு நிரம்பாத குட்டிகள் என்பதை எலும்பின் வளர்ச்சியிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள். மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2015இல் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட பிராணி மம்மிகளை ஊடுருவிப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்கில் முழு உடலும், இன்னொரு பங்கில் உடலின் சில பகுதிகளும் இருக்க, எஞ்சிய ஒரு பங்கில் பிராணியே இல்லாமல் மண்ணும் நாணலும் மட்டும் இருந்தன. வீட்டுப் பூனைக்காகப் புருவம் மழித்தவனும், கடையில் பூனைக் கட்டு வாங்கியவனும் ஒரே நகரத்தில், ஒருவேளை ஒரே தெருவில், நடந்திருப்பார்கள். இருவரையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் அந்தத் துக்கத்தின் உண்மை நமக்குப் பிடிபடாமல் போகிறது. விற்பனைக்கு வளர்க்கப்பட்ட அந்தக் குட்டிகளுக்குப் பெயர் வைத்தவர் இல்லை. அவற்றுக்காக எவரும் புருவம் மழித்ததாக ஹெரோடோட்டஸும் சொல்லவில்லை.

அவ்வாறு பாடம் செய்து அடுக்கப்பட்ட பூனை உடல்கள் பெனி ஹசன் என்ற ஊரின் அருகே 1888இல் ஓர் உழவனின் கண்ணில் பட்டன. அடுத்த ஈராண்டுக்குள் சுமார் 19 டன் எடையுள்ள பூனை உடல்கள் கப்பலேறி லிவர்பூல் துறைமுகம் போய்ச் சேர்ந்தன. ஒரு லட்சத்து எண்பதினாயிரம் பூனைகள் என்று அக்காலத்தில் கணக்கிட்டார்கள். ஏலத்தில் எடுக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, இங்கிலாந்தின் வயல்களில் எருவாகத் தூவப்பட்டன. அவற்றில் எத்தனை காணிக்கைப் பூனைகள், எத்தனை வீட்டுப் பூனைகள் என்று பிரித்தறியும் வாய்ப்பு அந்த எருவோடு போய்விட்டது. ஆராய்ச்சிக்கு நேர்ந்த இந்த நஷ்டத்தை எண்ணி வருந்துகிறேன். அதைவிட அதிகமாக, யாரோ சிலர் கண்ணீரோடு கட்டிய கட்டுகளும் அக்குவியலில் இருந்திருக்கும் என்பதற்காக வருந்துகிறேன்.

வீட்டுப் பூனைக்குக் கொடுத்த பிரிவுபசாரம் எப்படி இருந்தது என்பதை ஹெரோடோட்டஸைக் காட்டிலும் விரிவாகச் சொல்பவர், அவருக்கு நானூறு ஆண்டுகள் பிற்பட்ட கிரேக்கச் சரித்திராசிரியர் டியோடோரஸ். பூனை இறந்ததும் மெல்லிய லினன் துணியில் அதைச் சுற்றி, மார்பில் அடித்துக்கொண்டு அழுதபடி பாடம் செய்பவர்களிடம் எடுத்துச் செல்வார்கள் என்றும், தேவதாரு எண்ணெயும் வாசனைப் பொருள்களும் பூசுவார்கள் என்றும் அவர் எழுதினார். உயிரோடிருக்கும் பூனைக்கு ரொட்டியைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து, நாக்கைத் தட்டி ஒலியெழுப்பிக் கூப்பிட்டுக் கொடுப்பதையும், நைல் நதி மீனைப் பச்சையாக நறுக்கிப் போடுவதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. போருக்குப் பிறநாடு சென்ற எகிப்தியர், அங்கே அகப்பட்டுக் கிடக்கும் பூனைகளை, வழிச்செலவுக்குக் கையில் பணம் குறைந்திருக்கும் வேளையிலும், விலைகொடுத்து மீட்டுக்கொண்டு திரும்புவார்களாம். ரோமாபுரிக்காரன் ஒருவன் பூனையைக் கொன்றுவிட்டதையும், ரோமின் கோபத்துக்கு அஞ்சிய எகிப்து மன்னனின் அதிகாரிகள் வந்து கெஞ்சியும் ஜனத்திரள் அவனை விடாமற் போனதையும் தாமே நேரில் கண்டதாக அவர் சொல்லுகிறார். இந்தக் கடைசிச் செய்தியைத்தான் எல்லோரும் எடுத்துக் கையாளுகிறார்கள். எனக்கோ, நாக்கைத் தட்டிக் கூப்பிட்ட அந்த ஒலியே பெரிதாகப் படுகிறது. ஏனெனில் தெய்வத்தை எவரும் நாக்கைத் தட்டிக் கூப்பிடுவதில்லை.

அன்பு வேறு, வழிபாடு வேறு என்பதற்கு ஏடுகளை நம்பியிராமல் மண்ணிலிருந்தே சாட்சி கிடைத்த இடம் பெரனீகே. செங்கடற்கரையில் இரண்டாம் டாலமி மன்னன் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தன் தாயின் பெயரால் நிறுவிய இந்தத் துறைமுகம், ரோமர் காலத்தில் தமிழகத்தின் மிளகு மேற்கே இறங்கிய வாயில்களில் ஒன்று. ஸீராபிஸ் தெய்வத்தின் ஆலயத்து முற்றத்தில், இந்தியாவில் வனையப்பட்ட ஒரு சாடிக்குள் ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே கிடைத்தது. தமிழ் எழுத்து பொறித்த பானை ஓடொன்றும் அங்கே அகப்பட்டது. கொற்றன் என்னும் பெயரை அதில் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். ஆகையால் இந்த ஊரைப் பற்றிய பேச்சு தமிழருக்கு முற்றிலும் அந்நியமான பேச்சு அன்று.

இந்நகரத்தின் புறத்தே, ரோமர் காலத்துக் குப்பைமேட்டின் அடியில், போலந்து நாட்டு அறிஞர் மார்த்தா ஒசிபின்ஸ்கா ஆராய்ந்து வெளியிட்ட பிராணிகளின் இடுகாடு இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரண்டாம் நூற்றாண்டின் நடுவரையில் அது வழக்கில் இருந்தது. 2021இல் வெளியான கணக்குப்படி அங்கே 585 பிராணிகள் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பூனைகள், மற்றவை பெரும்பாலும் நாய்களும் சில குரங்குகளும். இவற்றுள் ஒன்றுகூட மம்மியாகச் செய்யப்படவில்லை. கழுத்து முறிக்கப்பட்ட அடையாளம் இல்லை. மனிதக் கல்லறையின் துணைப்பொருளாக அவை வைக்கப்படவில்லை. ஆலயத்தோடு தொடர்புபடுத்தவும் இடமில்லை. பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனியே குழி வெட்டி, உறங்குகிற கோலத்தில் கிடத்தி, துணியாலோ உடைந்த பானையின் ஓட்டாலோ மூடி மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். சில பூனைகளின் கழுத்தில் இரும்புப் பட்டி இருந்தது. சிலவற்றுக்குக் கண்ணாடி மணியும் சிப்பி மணியும் கோத்த மாலைகள் இருந்தன. ஒரு பூனை பெரிய பறவையொன்றின் இறக்கையின்மீது கிடத்தப்பட்டிருந்தது.

அந்த எலும்புகள் சொல்லும் வேறொரு செய்தி இன்னும் முக்கியமானது. இங்கே புதைக்கப்பட்டவற்றில் பல்லெல்லாம் விழுந்த கிழப் பிராணிகள் இருந்தன. காலொடிந்து ஆறிய பிராணிகளும் இருந்தன. இன்னும் பல இளமையிலேயே, பெரும்பாலும் நெருக்கமான குடியிருப்பில் விரைந்து பரவிய தொற்றுநோயால், மடிந்தவை என்று கருதப்படுகிறது. பூனைக் குலத்தைப் பீடிக்கும் தொற்றுகள் சில எத்தனை வேகமானவை என்பதைப் பூனை வளர்த்தவர்கள் அறிவார்கள். துள்ளி விளையாடிய குட்டி இரண்டொரு நாளில் நீரும் அருந்தாமல் கண் மூடிவிடும். பெரனீகேயில் அப்படி வந்த சாவுகளுக்கு வீட்டார் என்ன பெயர் சொல்லியிருந்தாலும், செய்தது இதுதான்: பாலைவன மணலில் வீசி எறிந்துவிட்டுப் போயிருக்கக்கூடிய உடலுக்குக் குழி தோண்டினார்கள். பெரிய நாயொன்றுக்கு ஈச்சோலைப் பாய் சுற்றி, இரண்டாகப் பிளந்த ஜாடியின் இரு பாதிகளையும் மேலே கவிழ்த்திருந்தார்கள். அதன் எலும்பில் புற்று வளர்ந்திருந்தது. கடைசியாக அது உண்டது மீனும் ஆட்டிறைச்சியும்.

மீனாவது கடலில் கிடைக்கும். மற்ற உணவெல்லாம் பெரனீகேக்கு எப்படி வந்தது என்று யோசித்தால்தான் இதன் அருமை விளங்கும். அவ்வூரில் பயிர் இல்லை, குடிக்க நல்ல நீர் இல்லை. நைல் நதிக்கரையிலுள்ள கொப்டோஸிலிருந்து ஒட்டகங்களின் முதுகில், வெயிலுக்கு அஞ்சி பெரும்பாலும் இரவிலே நடந்து, பன்னிரண்டு நாளில் வந்து சேர வேண்டும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அந்தப் பன்னிரண்டு நாள் வழியில் வந்த உணவைப் பங்கிட்டு, எலி பிடிக்கவும் திராணியற்ற, பல்லில்லாத பூனைக்கு மெத்தென்று குழைத்துக் கொடுத்தவர்கள் அங்கே இருந்தார்கள். பூனை எலி பிடிப்பதற்காகவே வளர்க்கப்பட்டது, பயன் தீர்ந்ததும் கைவிடப்பட்டது என்று எண்ணுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி தேவையில்லை.

அவ்வூரில் வாழ்ந்தோர் ஒரு குலத்தவர் அல்லர். எகிப்தியரும் கிரேக்கரும் ரோமரும் பாலைவனக் குடிகளும் அராபியரும் இந்தியரும் கலந்து கிடந்த துறைமுகம் அது. இடுகாட்டில் கிடைத்த குரங்குகளில் சில வடஇந்தியச் செம்முகக் குரங்குகள். சில, நம் கோயில் வாசல்களிலும் மலைப்பாதைகளிலும் திரியும் நாட்டுக் குரங்கின் இனத்தவை. பருவக்காற்றில் கடல் கடந்து போன அக்குரங்குகளும் பூனைகளைப் போலவே குழியில் இடப்பட்டன. பூனைகளில் ஒன்றின் மரபணு எகிப்தியக் கிளையைச் சேராமல் ஆசியக் காட்டுப்பூனையின் கிளையைச் சேர்ந்திருந்தது. கப்பலிலே தொற்றிக்கொண்டு அதன் முன்னோர் மேற்கே போயிருக்கலாம். கொற்றன் என்ற அந்தத் தமிழன், மாதக்கணக்கில் காற்றுக்காகக் காத்துக் கிடந்த நாள்களில், மணல்மேட்டருகே யாரோ ஒருவர் மணிமாலை பூட்டிய பூனையொன்றை மண்ணில் இறக்குவதைப் பார்த்திருக்கக்கூடும்.

நம் தேசத்துத் தர்மசாஸ்திரங்கள் பூனையைக் கொன்றவனுக்குப் பிராயச்சித்தம் விதிக்கின்றன. பூனையைக் கொன்ற பாவம் தீரப் பொன்னாலே பூனை செய்து தானம் கொடுக்க வேண்டும் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கொன்றவனுக்கு வழி சொன்ன நூல்கள், வளர்த்தவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் இல்லத்தில் வளர்ந்த பூனையொன்று திடீரென்று நோயுற்று, மருத்துவரின் கையெட்டுமுன்பே இறந்துபோனபோது, தீட்டு உண்டா, குளிக்க வேண்டுமா, விளக்கேற்றலாமா என்று கேட்டவர்களுக்கு வீட்டுப் பெரியவர்களிடம் விடை இல்லை. கொல்லைப்புறத்து மாமரத்தடியில் புதைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உள்ளே வந்தோம். வெளியே எவரிடமும் அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. பூனைக்காகவா இத்தனை வருத்தம் என்று கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம் அது. எகிப்தியன் அந்த அச்சத்தை அறியான். அவனுடைய மழித்த புருவத்தைத் தெருவில் எதிர்ப்பட்டோர் பார்த்த மாத்திரத்தில், இவன் வீட்டில் இன்னது நேர்ந்தது என்று தெரிந்துகொண்டார்கள். அவன் வாய்திறந்து விளக்க வேண்டிய அவசியமே இல்லை. துக்கத்துக்கு ஊரார் அறியும் ஓர் அடையாளத்தைக் கொடுத்த அந்தச் சமூகத்தை மூடபக்தி என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை.

பழைய தெய்வங்களின் ஆராதனையை ரோமானியச் சக்கரவர்த்தி தியோடோசியஸ் கி.பி. 391இல் தடை செய்தார். பாஸ்டெட்டின் விழாவும் காணிக்கைக் கடைகளும் ஓய்ந்தன. பூனையின் மேலிருந்த பரிவு மட்டும் அந்நாட்டை விட்டுப் போகவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோவிலிருந்து ஆண்ட சுல்தான் பைபர்ஸ், ஆதரவற்ற பூனைகளின் போஷணைக்கென்று ஒரு தோட்டத்தைத் தர்மமாக எழுதி வைத்தார். ஏறக்குறைய ஆறு நூற்றாண்டுகள் கழிந்து, 1830களில் அந்நகரத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன், அத்தோட்டம் பலமுறை கைமாறிச் சீரழிந்து, ஆண்டுக்குச் சொற்பத் தொகை மாத்திரமே தந்துகொண்டிருந்ததாக எழுதுகிறார். ஆயினும் பிற்பகல் தொழுகைக்கும் அந்திக்கும் இடையில், நியாயஸ்தலத்தின் பெரிய முற்றத்தில், நகரத்துப் பூனைகள் திரளாக வந்து கூடும். கூடைகளில் உணவு வந்து இறங்கும். தோட்டத்தின் வருமானம் போதாத குறையைப் பிரதான காஜியார் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டிருந்தார்.